திகதிப்படி அடுக்கிய பேணிகள்

இன்று, பெப்ரவரி ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு என் குடையை விரித்தபோது, அதன் கைபிடியின் வளைவுக்குள் நகக்கண் அளவான ஒரு வெள்ளை வட்டம் ஒட்டியிருக்கக் கண்டேன். நான் ஒட்டியதன்று. பதினொரு ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் குடை அது. என் அனுமதியின்றி அதில் தூசி படிவதுமில்லை.

வட்டம் எதுவென்று விளங்கியதும் உள்ளே சென்று மேசை லாச்சியைத் திறந்தேன். உன் அடக்கம் முடிந்த மறுநாள் உன் மகள் ஜெனிற்றா என் கையில் வைத்துவிட்டுப் போன பேசும் பேனை அங்கே கிடந்தது. புதிய பற்றரிகளை இட்டு, அதன் நுனியை வட்டத்தின்மேல் வைத்தேன். உன் குரல் கேட்டது.

“இது போஸ்மாஸ்டர். குடையோடை வரும். கதைக்கத் தொடங்கினால் நிப்பாட்டுறதுக்குப் பட்டன் இல்லை.”

நீ இறந்து இன்றோடு நூற்றுப் பதினொரு நாட்கள். இத்தனை நாள் கழித்தும் என்னைப் பகிடி பண்ணுகிறாய். வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாதிருப்பது ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபருக்கு அழகன்று. ஆகவே எழுதுகிறேன்.

நாம் சந்தித்ததே தபாற்கந்தோரின் பொதி யன்னலில்தான். அங்கே ஒவ்வொரு காலையும் முத்திரைக் கட்டையில் திகதியை மாற்றுவது என் முதல் வேலை. நீ குருநகரில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவன். எண்ணெய் வடியும் இரும்புத் துண்டு ஒன்றைப் பழைய சாரத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து யன்னலில் வைத்தாய். நான் ஏற்க மறுத்தேன்.

“பொதி எண்டால் ஆறு பக்கம் இருக்கவேணும்” என்றேன்.

“ஐயாவுக்கு எத்தினை பக்கம்?” என்று கேட்டாய்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் சேவைக்காலத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் உன் வீட்டில் மீன்குழம்பு உண்டுகொண்டிருந்தேன். ‘ஐயா’ அந்த ஞாயிறோடு ஒழிந்து, ‘டேய்’ வந்து சேர்ந்தது.

கண் அமுக்க நோய் உன் பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டு வந்து, உன் அறுபத்தெட்டாவது வயதில் முழுவதையும் எடுத்துக்கொண்டது. உன் மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். கனடாவிலிருந்து ஜெனிற்றா ஒரு பொதி அனுப்பினாள். அதற்கு ஆறு பக்கமும் ஒழுங்காக இருந்தன என்பதை நான் தடவிப் பார்த்தே திறந்தேன். உள்ளே மூன்று பொருட்கள். கோப்பையின் விளிம்பில் கொளுவிவிட்டால், ஊற்றும் தண்ணீர் மேலே வந்ததும் கீச்சிடும் ஒரு சிறு கருவி. பட்டனை அழுத்தினால் நேரம் சொல்லும் கைமணிக்கூடு. மூன்றாவது இந்தப் பேனை. வெள்ளை வட்டமொன்றைத் தகரப் பேணியில் ஒட்டி, பேனையை அதன்மேல் வைத்து நாம் எதைச் சொல்கிறோமோ, பிறகு எப்போது தொட்டாலும் அந்த வட்டம் அதையே திருப்பிச் சொல்லும்.

“உன்ரை குரல் றேடியோக்காரன்ரை மாதிரி. நீயே பதிஞ்சு விடு” என்றாய். அந்தப் புகழ்ச்சியில் நான் மயங்கியதை மறைப்பதற்கில்லை. உன் குசினியில் இருபத்து மூன்று பேணிகள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு முடித்தேன். மறுநாட் காலை, தேத்தண்ணி போடவென்று நீ முதல் வட்டத்தைத் தொட்டாய்.

“வணக்கம். இப்பேணியினுள் இருப்பது சீனி. வெள்ளைச் சீனி. இது ஜனவரி மாதம் பதினான்காம் திகதி, சனிக்கிழமை, முற்பகல் வாங்கப்பட்டது. ஈரக் கரண்டி இடுவதைத் தவிர்த்தல் நன்று. எறும்பு...”

பேனையைத் தூக்கிவிட்டாய். “டேய், தேத்தண்ணி ஆறுது. நான் சீனியிட்டைச் சுகம் விசாரிக்கேல்லை.”

“முழு விபரமும் இருக்கிறது நல்லதுதானே?”

“சீனி எண்டால் சீனி எண்டு சொல்லு. உதென்ன, சீனியின்ரை சீவிய சரித்திரமோ?”

அன்றே இருபத்து மூன்றையும் அழித்து, எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திப் பழகிய உன் குரலில் மீண்டும் பதிந்தாய். “சீனி!” “உப்பு!” “கோப்பி!” ஒன்றில் மட்டும் சற்று நீளமாகப் பேசியிருந்தாய்: “மிளகாய்த்தூள்! கண்ணிலை முட்டாதை. போனது போதும்.” நான் மூன்று நாட்கள் உன்னோடு கதைக்கவில்லை. அதை நீ கவனிக்கவில்லை என்று பிறகு அறிந்தேன்.

மணிக்கூட்டின் கதை வேறு. அதற்குள் இருந்தவள் ஆங்கிலம் மட்டுமே அறிந்தவள். “உவள் இங்கிலிஸ்காரி, ஆனால் பொய் சொல்லமாட்டாள்” என்பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசையில் சுவாமியாரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. நான் உங்கள் சமயத்தவன் அல்லன். உனக்குத் துணையாக வந்து வாங்கிலில் அமர்ந்திருந்தேன். சுவாமியார் பொறுமையின் மேன்மையைச் சொல்லி ஒரு கணம் நிறுத்திய இடத்தில், உன் மணிக்கட்டிலிருந்து அந்தப் பெண் உரத்த குரலில், “இற் இஸ் ரென் ஃபோர்ற்றி ஃபைவ் ஏ எம்” என்றாள். கோயில் முழுவதும் சிரிப்பில் குலுங்கியது. பிரசங்கம் அடுத்த நிமிடமே முடிந்தது. வெளியே வந்ததும் இரண்டு கிழவிகள் உன் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். பட்டன் தவறுதலாக அழுத்தப்பட்டதென்றே நீ கடைசிவரை சாதித்தாய்.

அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஜெனிற்றா வந்தாள். சிரிப்பு அத்தோடு நின்றது. உன் கையில் கேத்தில் சுட்ட பழைய வடு ஒன்றை அவள் பார்த்துவிட்டாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் உனக்கு ஒரு கட்டில் ஏற்கனவே பேசி வைத்திருந்தாள்.

“அங்கை நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மருந்து. எல்லாம் கையிலை கொண்டுவந்து தருவினம், அப்பா.”

“கையிலை கொண்டுவந்து தந்தால் பிறகு எனக்கு ஏன் கை?” என்றாய்.

அவள் அழுதாள். ஒவ்வொரு தடவை தொலைபேசி அடிக்கும்போதும் நீ எரிந்துபோனாய் என்ற செய்திதான் வருகிறதோ என்று நெஞ்சு பதைப்பதாகச் சொன்னாள். அதற்கு உன்னிடம் பகிடி இருக்கவில்லை. “ஒரு நாள் பார். விடிய எழும்பினதிலை இருந்து பொழுதுபடுமட்டும். ஒருத்தரும் தொடக்கூடாது, ஒருத்தரும் சொல்லக்கூடாது. நான் தடுமாறினால் நீ சொல்லுற இடத்துக்கு வாறன்” என்றாய். அவள் சம்மதித்தாள். ஓகஸ்ட் பதினேழாம் திகதி, வியாழக்கிழமை என்று நாள் குறித்தவன் நான்.

இனி நான் எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது. எனினும் பதிவில் இருக்கவேண்டும்.

பதினாறாம் திகதி, புதன்கிழமை, நீயும் மகளும் பாஷையூரில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தீர்கள். வீட்டுப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. கனடாவிலிருந்து வந்த பிள்ளையின் கண்ணுக்குக் குசினி சீராகத் தெரியவேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு உள்ளே சென்றேன். உன் சுவர்த் தட்டைப் பார்த்தேன். தேயிலைக்குப் பக்கத்தில் நெருப்புப்பெட்டி; சீனிக்கு அருகில் இரத்த அழுத்தக் குளிசை; உப்பு இரண்டு இடத்தில். இந்த அலங்கோலத்தைக் கண்டால் அவள் என்ன நினைப்பாள்? பேணிகள் அனைத்தையும் இறக்கித் துடைத்து, என் குறிப்பேட்டில் இருந்த வாங்கிய திகதிப்படி, முந்தியது இடக்கோடியிலும் பிந்தியது வலக்கோடியிலுமாக அடுக்கினேன். முந்தியது முந்தித் தீரவேண்டும் என்பது எந்தக் களஞ்சியத்துக்கும் அடிப்படை விதி. அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. உன் காட்டுக் கத்தல்களை அழித்துவிட்டு, என் குரலில் திகதியோடு தொடங்கும்படி அனைத்தையும் மீண்டும் பதிந்தேன்.

நீ எஞ்சின் திருத்தும் விதத்தை நான் நாற்பது ஆண்டுகள் பார்த்திருந்தவன். சாக்கை விரித்து, ஸ்பானர்களை நீ எடுக்கப்போகும் ஒழுங்கில் வைப்பாய். தலையை எஞ்சினுக்குள் விட்டபடி கையை மட்டும் பின்னே நீட்டுவாய். வேண்டியது வேண்டிய நேரத்தில் விரலில் முட்டும். உன் குசினித் தட்டும் அந்தச் சாக்குத்தான் என்பது எனக்கு மறுநாட் காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கே உறைத்தது. நீ கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, திரும்பாமலே வலக்கையைப் பின்னே நீட்டினாய். தேயிலை இருக்கவேண்டிய இடத்தில் உன் விரல்கள் கொத்தமல்லிப் பேணியைத் தொட்டன.

நான் மூலையில் கதிரையில் இருந்தேன். பேசக்கூடாதென்பது விதி. ஜெனிற்றா வாசல் நிலையில் சாய்ந்து கைகட்டி நின்றாள். நீ பேணியை உலுக்கினாய், மணந்து பார்த்தாய், வைத்தாய். அடுத்ததைத் தொட்டாய், அதுவுமன்று. உன் கை அந்தரத்தில் நின்றது. உன் முகத்தில் அத்தகைய பயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கண் போன நாளிலும் கண்டதில்லை. கேத்தில் கொதிக்கத் தொடங்கியது. நான் என் வலக்கை விரலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.

சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து ஒரு பேணியின் வட்டத்தில் வைத்தாய்.

“யூன் மாதம் மூன்றாம் திகதி, சனிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு...” என்று என் குரல் அமைதியாகத் தொடங்கியது.

பேனையைத் தூக்கினாய். பக்கத்துப் பேணியில் வைத்தாய்.

“யூன் மாதம் பத்தாம் திகதி, சனிக்கிழமை...”

உன் தோள்கள் குலுங்கின. அழுகிறாய் என்று நினைத்து எழுந்தேவிட்டேன். நீ சிரித்தாய்! முணுமுணுத்தாய்: “தேயிலை கடைசியா வாங்கினது. போன திங்கள். பிள்ளை வந்திறங்கின அண்டைக்கு.” நேரே வலக்கோடிக்கு நடந்து, கடைசிப் பேணியைத் திறந்து, மூக்கருகே பிடித்து, தலையசைத்தாய். சீனி எப்போது வாங்கினாய் என்று ஒரு நிமிடம் யோசித்து, கையால் பேணிகளை எண்ணி, மூன்றாவது தடவையில் அதையும் பிடித்தாய். கோப்பையில் கருவி கீச்சிட்டது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. குளிசையை மட்டும் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் சென்றது. அது வாங்கிய திகதி உனக்குத் தெரியாது, நான் வாங்கி வந்தது.

அதன் பிறகு அந்த நாளை யாராலும் தடுக்க இயலவில்லை. வெள்ளைப் பிரம்போடு தனியே கடைக்குப் போய்ப் பாண் வாங்கினாய். சோறு வடித்தாய். உடுப்புத் தோய்த்தாய். இங்கிலிஸ்காரியிடம் நேரம் கேட்டு மருந்து போட்டாய். பொழுதுபட்டதும் வெளி விறாந்தையில் மூவரும் இருந்தோம். நான் எழுந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டேன். திகதி, நேரம், பேணிகளின் எண்ணிக்கை உட்பட.

ஜெனிற்றா என் பக்கம் திரும்பினாள்.

“அங்கிள், அப்பா இஞ்சையே இருக்கட்டும்.”

“நல்லது, பிள்ளை.”

“அப்பாவுக்குக் கண் தெரியாதது பிரச்சினை இல்லை. உங்களுக்குக் கண் தெரியிறதுதான் பிரச்சினை. இனிக் குசினிக்குள்ளை போகாதேங்கோ.”

நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சிரித்து முடித்துவிட்டு, மகள் உள்ளே போனதும், தாழ்ந்த குரலில், “டேய், காலமை ஒரு நிமிசம் நான் முடிஞ்சன் எண்டு நினைச்சன். எனக்கு இனி இடம் வலம் தெரியாமல் போச்சுதாக்கும் எண்டு. உன்ரை குரலைக் கேட்டாப்பிறகுதான் தெரிஞ்சது, விசர் எனக்கில்லை, உனக்கெண்டு” என்றாய். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். நீ வேறெதுவும் தரவில்லை.

அதன்பின் இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் நீ உன் வீட்டில் இருந்தாய். நான் நல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்தக் கதிரையில் இருந்தேன். உன் விரலுக்கும் நெருப்புப்பெட்டிக்கும் இடையே ஓரங்குல இடைவெளி இருக்கும், நீ தடவுவாய், நான் பார்த்திருப்பேன். உலகில் அதைவிட நீளமான ஓரங்குலம் இல்லை. ஆரம்பத்தில் தொண்டையைச் செருமுவேன். “செருமிறதும் சொல்லுறதுதான்” என்பாய். பிறகு செருமலையும் விட்டேன்.

சென்ற ஒக்ரோபர் இருபத்தோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு நான் வந்தபோது நீ கட்டிலில் கிடந்தாய். மருத்துவர் நித்திரையில் போனதாகச் சொன்னார். நான் மறுத்தேன். குசினியில் கோப்பை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது; அதன் அடியில் ஈரம் இன்னும் காயவில்லை. எழுந்து, தேத்தண்ணி போட்டு, குடித்து, கழுவி வைத்துவிட்டுத்தான் மீண்டும் படுத்தாய். மரணப் பதிவில் அதற்கு இடமில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

சென்ற வியாழக்கிழமை, ஐந்தாம் திகதி, ஓய்வூதியக் கடிதம் ஒன்றுக்காக ஒரு கந்தோருக்குப் போனேன். சக்கர நாற்காலியில் ஒரு பெண், வாசற் சரிவில் சில்லுகளைத் தன் கையாலேயே உந்தி ஏறிக்கொண்டிருந்தாள். சரிவு அதிகம்; பாதியில் நாற்காலி சற்றுப் பின்வாங்கியது. என் இரு கைகளும் தாமாகவே எழுந்தன. அவற்றை இறக்கிவிட்டுக் கேட்டேன்.

“உதவி ஏதும் வேணுமோ, பிள்ளை?”

“வேண்டாம், ஐயா. ஏறுவன். உந்தக் கதவை மட்டும் ஒருக்காப் பிடியுங்கோ.”

கதவைப் பிடித்தேன். அவள் ஏறி முடிக்க நான்கு நிமிடங்கள். சரிவில் எந்தப் பக்கத்தால் ஏறவேண்டும், மூச்சை எப்போது விடவேண்டும், கைப்பையை மடியில் எப்படி வைக்கவேண்டும் என்பன பற்றி என்னிடம் மூன்று சிறந்த ஆலோசனைகள் இருந்தன. அவள் என்னைக் கடந்து உள்ளே போனாள். மூன்றையும் ஒரு சொல்லும் சிந்தாமல் வீடுவரை கொண்டுவந்து சேர்த்தேன்.