லோர்கனுக்காக ஆடிய ஆட்டம்

கானமாரா, பிப்ரவரி 1888

பாஸ்டனில் இருக்கும் என் மகளுக்கு,

உன் தம்பி லோர்கனை நேற்று அடக்கம் செய்தோம். காய்ச்சல்தான்.

நம் ஊரில் வயதானவர் இறந்தால்தான் இரவு விழித்திருந்து சவத்தருகே விளையாடுவார்கள். இது இளஞ்சாவு என்பதால், அடக்கத்துக்கு முந்தின இரவு அவனுடைய கூட்டாளிகள் வட்டமாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். உன் அப்பா எழுந்தார்.

"எந்தச் சாவு வீட்லயும் அவன்தானடா முதல்ல ஆடுவான். அவனைச் சும்மாவா அனுப்புவீங்க?"

வட்டத்தின் நடுவில் அவரே போய் நின்றார். முறுக்கிய வைக்கோல் பிரியைப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் மறைத்துக் கைமாற்றினார்கள். அவர் அதைத் தேடித் திரும்பும்போதெல்லாம் முதுகில் அடிக்க வேண்டும். பயந்துபோய் லேசாகத் தொட்டார்கள்.

"ஓங்கி அடிங்கடா. அவன் இருந்தா இப்படியா அடிப்பான்?"

பக்கத்து வீட்டு டொனகா ஓங்கி அடித்தான். அப்போதுதான் அப்பா அழுதார்.

பிறகு அவர் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். எங்கே வலிக்கிறது என்று நான் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா