பன்னிரண்டுக்கு வராத வெயில்

பிப்ரவரி 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் வேலை. காட்டுப்பாக்கத்திலிருந்து நெமிலிச்சேரிக்கு ஸ்கூட்டரில் போய்த் திரும்பியதில் முகமெல்லாம் மண். கதவைத் திறந்த கிஷோர், "யாருங்க வேணும்?" என்றான். கல்யாணமாகி ஒன்பது வருஷம், இன்னும் அதே ஜோக்.

ஊர்க்காரர்களுக்கு அது மணிபங்களா. எங்கள் திட்ட அறிக்கையில் 'பாரம்பரிய வானாய்வுக்கூடம்'. யாரோ ஒரு வெள்ளைக்காரர் கட்டியது. இருட்டான கூடம், கூரையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஓட்டை, தரையில் தெற்கு வடக்காகப் பதித்த கடப்பாக்கல், அதன் நடுவில் பித்தளைக் கோடு. ஓட்டை வழியாக இறங்கும் வெயில் வட்டம் அந்தக் கோட்டைத் தொடும்போது மணி அடிப்பார்களாம். அதுதான் ஊருக்கு உச்சிப்பொழுது.

இருந்த வேலையை விட்டுவிட்டு வினோத்தோடு சேர்ந்து நான் ஆரம்பித்த ஸ்டுடியோவுக்கு இதுதான் முதல் பெரிய வேலை. வருகிறவர்கள் வானத்துக்குள்ளேயே போய்விட்ட மாதிரி உணர வேண்டும் என்பது கூடத்தை மியூசியமாக்கும் அறக்கட்டளையின் ஆசை. வடிவமைப்பு முழுக்க என்னுடையது. சரியாகப் பன்னிரண்டுக்கு வட்டம் கோட்டைத் தொடும். அந்த நொடியில் மணியோசை, கும்மிருட்டு, நாலு சுவரிலும் நட்சத்திரங்கள்.

இன்றுதான் முதல் சோதனை. பன்னிரண்டு அடித்தது. வட்டம் கோட்டில் இல்லை. மேற்கே இரண்டடி தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்தில் கிடந்தது.

பிப்ரவரி 11

இன்றும் அதே இடம். நேற்றும் அதே இடம்.

கல் வேலைக்கு எடுத்திருக்கும் ஜம்புலிங்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார்: "அந்தக் காலத்து ஆளுங்கோ குத்துமதிப்பா போட்டுட்டு போய்க்கீறாங்கோ மேடம்." அறக்கட்டளைச் செயலாளர் ஜெயராமன் சார் தன் அப்பா காலத்தில் கூரையை இடித்து காங்கிரீட் போட்டார்கள் என்றார். அப்போது ஓட்டை இடம் மாறியிருக்கும். நியாயமாகத்தான் பட்டது.

"ஓட்டைய நகத்த முடியாது. கோட்டை நகத்திடலாம்" என்றான் வினோத்.

நான்கு பேர், நான்கு போன், நான்கிலும் ஒரே நேரம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோருமாகச் சாப்பிடப் போனோம்.

பிப்ரவரி 14

கல்லைப் பெயர்க்கும்போது உடைந்துவிட்டது. சரியாக நடுவில் இல்லை, தெற்கு முனைக்குக் கொஞ்சம் முன்னால். ஜம்புலிங்கம் முகத்தைப் பார்க்காமல், "வயசான கல்லு மேடம்" என்றார். கடப்பாரையை அப்படிப் போட்டால் வயசாகாத கல்லும்தான் உடையும்.

மனசு கேட்கவில்லை. வினோத்திடம் சொன்னேன். "மியூசியத்துல பழைய கல்லுக்கா பஞ்சம்?" என்றான்.

மார்ச் 3

புதுக் கோடு போட்டாயிற்று. கண்ணாடிக்கு அடியில் விளக்கு, நீலமாக எரிகிறது. பன்னிரண்டுக்கு வட்டம் வந்தது. இரண்டு விரல் தள்ளி. பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியாது. மணியோசை, இருட்டு, நட்சத்திரங்கள். வினோத் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான். எனக்கும் கண் கலங்கியது, என் நட்சத்திரங்களைப் பார்த்தே.

உடைந்த கல்லின் இரண்டு துண்டுகளையும் பின்பக்கம் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

மார்ச் 25

இன்று வட்டம் புதுக் கோட்டைத் தாண்டிக் கிழக்கே ஓரடி போய்விட்டது. பன்னிரண்டுக்கு!

ஜம்புலிங்கத்தைச் சத்தம் போட்டேன். கோட்டைக் கோணலாகப் பதித்துவிட்டீர்கள் என்று. அவர் நூல் பிடித்துக் காட்டினார், நேராகத்தான் இருக்கிறது. "கோடு நகரல மேடம். நான் அதுமேல சத்தியமே பண்ணுவேன்." அப்படியானால் எது நகர்ந்தது? கட்டிடமா? சூரியனா? நூலைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் கலைந்தோம். தோசைக்குச் சட்னி அரைக்கும்போதுகூட அதே யோசனை. உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஜெயராமன் சார் போன். சித்திரை ஒண்ணாம் தேதி திறப்பு விழாவை அபிஜித் முகூர்த்தத்தில்தான் வைக்க வேண்டுமாம். அறக்கட்டளைக் கமிட்டியில் மற்றவர்கள் இவருடைய பஞ்சாங்கத்தைக் கிண்டல் செய்கிறார்கள் என்று ஒரு குறை வேறு.

"உச்சிக்கு முன்ன ஒரு நாழி, பின்ன ஒரு நாழிம்மா. அந்த நேரத்துல ஆரம்பிச்சா எந்த தோஷமும் ஒண்ணும் பண்ணாது. பதினொண்ணு நாப்பத்தாறுலேந்து பன்னெண்டு முப்பத்திநாலு வரைக்கும் கீது."

எனக்கு நாக்கு சும்மா இருக்காதே. "சார், ஒரு நாழிகைன்னா இருபத்திநாலு நிமிஷம். பன்னிரண்டுக்கு முன்னால இருபத்திநாலுன்னா பதினொண்ணு முப்பத்தாறுதானே வரணும்? உங்க பஞ்சாங்கத்துக்குக் கணக்கே வரலை."

"பன்னெண்டுக்கு முன்னன்னு நான் எங்கம்மா சொன்னேன்? உச்சிக்கு முன்னன்னேன்."

போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கிஷோர் வந்து அடுப்பை அணைத்தான்.

உச்சி பன்னிரண்டு இல்லை. அவர் சொன்ன நேரத்துக்கு நடு, பன்னிரண்டு பத்து. போனிலேயே பஞ்சாங்கத்தைத் திறந்து பிப்ரவரிக்குப் போனேன். நாங்கள் கையெழுத்துப் போட்ட நாளில் நடு, பன்னிரண்டு இருபத்திநாலு! அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன், முதலிலேயே படித்திருக்க வேண்டியதை. நம் எல்லார் கடிகாரத்திலும் ஓடுவது வடக்கே மிர்சாப்பூர் பக்கத்துப் பொழுது, நாடு முழுக்க அந்த ஒரே நேரம்தான். நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், சூரியன் நம் தலைக்கு மேல் வரக் கொஞ்சம் தாமதமாகும். போதாததற்கு மாசத்துக்கு மாசம் சூரியனே முன்னே பின்னே வரும்.

அப்படியென்றால் பழைய கோடு சரி. அந்த வெள்ளைக்காரர் போட்டது அச்சுப் பிசகாமல் சரி. தப்பு நாங்கள். இல்லை — நான். கையெழுத்து என்னுடையது. அன்றைக்கு ஒருத்தர், ஒரே ஒருத்தர் சாப்பிடப் போகாமல் அங்கேயே நின்றிருந்தால் போதும். நாங்கள் கைகழுவிக்கொண்டிருந்த நேரத்தில் வெயில் தன் கோட்டுக்கு வந்து, தொட்டுவிட்டுப் போயிருக்கிறது.

ஏப்ரல் 7

ஜம்புலிங்கத்தைக் கூரைமேல் ஏற்றி, ஓட்டை வழியாகத் தூக்குக்குண்டு விடச் சொன்னேன். ஓட்டைக்கு நேர் கீழேதான் கோடு போக வேண்டும், இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். குண்டு ஆடி ஆடி நின்றது. பழைய கல் இருந்து, நாங்கள் சிமெண்ட் பூசி மூடிய பட்டையின் தெற்கு முனைப் பக்கம், அகலத்துக்கு நட்டநடுவில்.

இறங்கி வந்து பார்த்தார். "இத அன்னிக்கே வுட்டுப் பாத்திருக்கலாம் மேடம்." நானும் கட்டிடக் கலை படித்தவள்தான், அவரும் இருபது வருஷமாகத் தூக்குக்குண்டு பிடிக்கிறவர்தான். ஒருவரையொருவர் திட்டக்கூடத் தோன்றவில்லை. பன்னிரண்டுக்குப் பிறகும் அங்கேயே நின்றோம். வட்டம் மெதுவாக வந்து சிமெண்ட் பூச்சின் நடுவில் உட்கார்ந்தது. மணி பன்னிரண்டு பன்னிரண்டு.

ஏப்ரல் 8

வினோத்துக்கு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் தெளிவாகிவிட்டான், அதுதான் பயமாக இருந்தது.

"ஓட்டைய மூடிடலாம். ஒரு ஸ்பாட்லைட் போட்டா டாண்ணு பன்னெண்டுக்கு வரும். மழைன்னாலும் வரும். எவனுக்குத் தெரியப் போவுது?"

"அப்ப அது என்னடா வானாய்வுக்கூடம்?"

"இன்னா பிரியா பேசற? நம்ம மொத வேலை இது. தப்பு பண்ணிட்டோம்னு நாமளே போய் நின்னா அடுத்த வேலை எவன் குடுப்பான்? நீ வேலைய வுட்டுட்டு வந்தே, நானும் வுட்டுட்டுத்தான் வந்தேன்."

அவன் கெட்டவன் இல்லை. திட்ட அறிக்கையில் 'தினமும் தவறாத அனுபவம்' என்று எழுதியதே நான்தான். என் வரியைத்தான் எனக்குத் திருப்பிச் சொல்கிறான். ஸ்பாட்லைட் போட்டால் பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். அதுவும் உண்மை.

ஏப்ரல் 9

கல்லின் மேல் உட்கார்ந்து டீ குடித்தேன். பாதியைக் கீழே கொட்டிவிட்டேன்.

ஏப்ரல் 10

கமிட்டியில் சொல்லிவிட்டேன். வினோத் வரவில்லை.

ஐந்து பேர், ஒரு பிளாஸ்டிக் மேசை. கோடு சரியாக இருந்தது, நான் பெயர்த்து உடைத்தேன், அதை மறுபடி பதிக்கும்வரை திறக்கக் கூடாது. மூன்றே வாக்கியமாகப் பழகிக்கொண்டு போனேன். இரண்டாவதிலேயே குரல் உடைந்துவிட்டது. சீ!

ஆளாளுக்குப் பேசினார்கள். எல்லாம் எழுத வேண்டாம். ஜெயராமன் சார் மட்டும் சத்தம் போடவில்லை, அதுதான் தைத்தது. "ஊடு ஊடா போய் தாம்பூலத் தட்டோட வெச்ச பத்திரிக்கம்மா. இப்ப ஊடு ஊடா போய் வேணாம்னு சொல்லணும்."

நானும் கூட வருகிறேன் என்றேன். அவர் கமிட்டிக்காரர்களை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப என் பஞ்சாங்கம் கரெக்டு, உன் போனு தப்பு."

"போன் தப்பில்லை சார். அது வேற ஊர் உச்சி. உங்க பஞ்சாங்கம்தான் நம்ம ஊர் உச்சி."

"இத இவங்க காதுல வுழற மாதிரி இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். அந்த நிலைமையிலும் மனுஷன் முகத்தில் என்ன ஒரு பூரிப்பு!

முடிவு: எங்கள் செலவில் மறுபடி பதிக்க வேண்டும். வாசல் பலகையில் ஸ்டுடியோவின் பெயர் இருக்காது.

ஏப்ரல் 14, சித்திரை ஒண்ணு

இன்று திறந்திருக்க வேண்டியது. காலையில் வினோத் வந்து அவனுடைய பொருட்களை எடுத்துக்கொண்டு போனான். காபி வேண்டாம் என்றான். "பலகைல பேரு கூட இல்ல பிரியா" என்று மட்டும் சொன்னான். ஆறு வருஷ சிநேகிதம். வாசல்வரை போய் நின்றேன். பாயசம் வைக்கவில்லை.

மே 20

கல்லைப் பதித்தோம். ஜம்புலிங்கம் விரிசலைக் கருப்புப் பசை போட்டு மறைத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். தெரியட்டும். இந்த முறை கடப்பாரையைத் தொடவே இல்லை, கயிறு கட்டி ஆறு பேர் இறக்கினார்கள். அவர் பெற்ற பிள்ளையை இறக்குவதுபோல, "மெதுவாடா, மெதுவா" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

ஜூன் 17

மேகம். மூன்று நாளாக வட்டமே இல்லை. வினோத்தின் ஸ்பாட்லைட் ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா?

ஜூலை 27

இன்று தனியாக உட்கார்ந்து பார்த்தேன். தரையில், கல்லுக்குப் பக்கத்தில், சும்மா. முதலில் வட்டம் அசையாமல்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கண்ணெடுக்காமல் பார்த்தால் அதன் விளிம்பு ஊர்வது தெரிகிறது. பிறகு ஒரு கணம் — இதை எப்படி எழுதுவது — நகர்வது வெயில் இல்லை, நான் உட்கார்ந்திருக்கிற தரை என்று உடம்புக்குத் தெரிந்தது. தலை சுற்றியது. இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டேன். எட்டு ஒலிபெருக்கி வைத்து நான் வரவழைக்கப் பார்த்தது இதைத்தான். இங்கே முன்னாலிருந்தே இருந்திருக்கிறது.

காட்சியை மாற்றிவிட்டேன். வட்டம் கோட்டைத் தாண்டும்வரை படமும் இல்லை, இசையும் இல்லை. உட்கார வேண்டியது, காத்திருக்க வேண்டியது. நட்சத்திரமெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆகஸ்ட் 3

திறப்பு விழா ஆகஸ்ட் பதினெட்டு. அன்று சூரியன் நம் ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும், வெயில் தூக்குக்குண்டு மாதிரி இறங்கும். ஆடியும் முடிந்துவிடுவதால் ஜெயராமன் சாருக்கும் சம்மதம். பத்திரிகையில் நேரம் போடாமல் 'உச்சிப்பொழுதில்' என்று மட்டும் போட்டதில்தான் அவருக்கு மனத்தாங்கல். "டைம் போடாம பத்திரிக்கையாம்மா? ஜனம் எப்டி வரும்?" "சீக்கிரம் வந்து உட்காரட்டும் சார்" என்றேன். தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் தடவையாக அவரோடு வீடு வீடாகப் போனேன்.

வினோத்துக்கும் ஒன்று அனுப்பினேன். பதில் இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்து மேகம். நாற்பது பேருக்கு மேல் கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு ஆனதும் எல்லோர் கையும் போனுக்குப் போனது. ஒன்றும் நடக்கவில்லை. "கரண்டு இல்லியா?" என்றது ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். ஒரு அம்மா, சாப்பாடு எப்போ என்று பக்கத்தில் கேட்டார். நான் ஓட்டையை அண்ணாந்து பார்த்தேன். ஜெயராமன் சார் மட்டும் கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "உச்சி வரும், இருங்க" என்றார்.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தூரத்தில் ஒரு ரயில் போனது. மேகம் விலகித் தரையில் மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தது, பிறகு பளிச்சென்று. ஊர்ந்து வந்தது. யாரும் சொல்லித்தராமலே கூட்டம் முழுக்க முன்னால் குனிந்தது. வட்டம் கோட்டைத் தொட்டு, ஓட்டைக்கு நேர் கீழே, கல் உடைந்த இடத்திலேயே உட்கார்ந்தது.

"பாத்தியா மேடம், வெரிசல்லயே வந்து குந்திகினு கீது" என்று ஜம்புலிங்கம் என் காதருகே சொன்னார். மணி அடித்தார்கள்.

வெளியே வந்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் போனை எடுத்தேன். வினோத்திடமிருந்து ஒரு செய்தி.

"வந்துச்சா?"

செய்தி வந்த நேரம் 12.13, இன்றைய உச்சியின் அதே நிமிஷம். பத்திரிகையில் நாங்கள் நேரமே போடவில்லை. அவனேதான் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான்.

"வந்துச்சுடா" என்று அனுப்பினேன்.