முடியைப் பிடித்தால் என்ன செய்ய?

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். களையெடுக்க ஆள் கூப்பிடவில்லை. பேத்தி எழில்மதியின் பழைய நோட்டில் பாதி வெள்ளையாகக் கிடக்கிறது, அதில்தான் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற கை, கோணலாக வந்தால் வரட்டும்.

பேத்தி இன்று, "ஆயா, நான் சண்டை கத்துக்கணும். அப்பாகிட்ட நீதான் கேக்கணும்" என்றாள். கள்ளக்குறிச்சி காலேஜுக்குப் போகிற பஸ்ஸில் எவனோ ஒருவன் தொந்தரவாம். அடையாளம் கேட்டேன், சரியாகச் சொல்லவில்லை. வெற்றிவேலிடம் சொன்னேன். என் மகன்தான், நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவன். பஸ் என்றதும் சரி என்றுவிட்டான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. ராஜாங்கம் அவன் கரும்புத் தோட்டத்தில் பின்னாலிருந்து என் பின்னலைச் சுருட்டிப் பிடித்தான். சிலம்பக்காரப் பச்சமுத்து கையில் கம்போடு வரப்பில் போனான். பார்த்தான். போய்விட்டான். நானே கடித்துத் தப்பினேன். நாற்பத்தஞ்சு வருஷம். ராஜாங்கம் செத்தபோது எட்டிப் பார்க்கவில்லை. பச்சமுத்து வீட்டு நல்லது கெட்டது எதற்கும் போனதில்லை.

அதனால் எழிலுக்கு எந்த வித்தை என்று நான்தான் முடிவு செய்வேன். ஒரே கேள்விதான் கேட்பேன். முடியைப் பிடித்தால் என்ன செய்ய?

ஜூன் 8, ஞாயிறு

சங்கராபுரத்தில் கராத்தே. கல்யாண மண்டபத்து மாடியில் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் கத்திக்கொண்டே காற்றை உதைக்கிறார்கள். மாஸ்டரிடம் கேட்டேன். சிரித்தார். "மொதல்ல மஞ்ச பெல்ட்டு வரட்டும்மா. அதெல்லாம் ரெண்டு வருசம் கழிச்சி."

"அதுவரிக்கும் அவன பொறுத்துக்கச் சொல்லட்டுங்களா?" என்றேன்.

திரும்பும்போது எழில் கேட்டாள், "எடம் கம்மியா இருந்தா கால எப்புடித் தூக்கறது ஆயா?" பஸ்ஸைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஜூன் 11, புதன்

மருமகள் ராதிகா மலைக்கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். மூன்று வருஷத்தில் நாலாவது மொட்டை. என்ன வேண்டுதல் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். முதல் மொட்டை என் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால். வேண்டுமென்றே செய்தாள். வந்த சனமெல்லாம் என்னைத்தான் கேட்டது. கல்யாண போட்டோவிலெல்லாம் மொட்டைத் தலையோடு நிற்கிறாள். நான் மறக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பேத்திக்காகப் பச்சமுத்து வாசலை மிதித்தேன்.

"இருசம்மாவா? வழி தெரிஞ்சுதா?" என்றான் கிழவன். "கம்பு மட்டும் கையில இருந்தா நாலு பேரத் தடுக்கலாம்."

"கம்பு கையில இருந்தும் போனவங்க இருக்காங்களே."

கம்பைக் கீழே வைத்துவிட்டான். "அந்தத் தோட்டத்துலதான் எனக்குக் கூலி, இருசம்மா."

"தெரியும்" என்று வந்துவிட்டேன். எனக்கும் அங்கேதான் கூலி.

எழில் வழியில், "கம்ப வூட்டுக்குள்ள சுத்த முடியாது ஆயா" என்றாள். வீட்டுக்குள் எதற்குச் சுற்றணும்? கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

ஜூன் 22, ஞாயிறு

கள்ளக்குறிச்சியில் ஜூடோ. சொல்லிக்கொடுப்பது தேவதர்ஷினி என்கிற சின்னப் பொண்ணு. கேள்வியைக் கேட்டதும் சிரிக்கவில்லை. என் கொண்டையையே பிடித்தாள்.

"எதிர்ப்பக்கம் இழுக்காதீங்க ஆயா. அவன் கையை உங்க தலையோட சேத்து அமுக்குங்க. அவன் பக்கமே போயி உடம்போட திரும்புங்க. மணிக்கட்டு மடங்கும், வுட்டுருவான்."

செய்தேன். விட்டது. அறுபத்துநாலு வயசில்.

"இது அவன ஜெயிக்கறதுக்கு இல்ல. மூணு நொடி கெடைக்கும், அவ்ளோதான். ஓடறதுக்கு வழி தொறந்திருக்கணும். இல்லன்னா எந்த வித்தையும் உதவாது."

இதுதான் என்று முடிவு செய்தேன். அப்போது எழில், "முடியே இல்லன்னா எங்க புடிப்பான் மிஸ்?" என்றாள். அந்தப் பொண்ணு எழிலின் நீளப் பின்னலைப் பார்த்தது. "பிடரிய" என்று சொல்லி அதைத் தனியாகக் கற்றுக்கொடுத்தது.

ஜூன் 23, திங்கள்

முடியே இல்லன்னா என்று ஏன் கேட்டாள்? எழிலுக்கு இடுப்பு வரைக்கும் முடி இருக்கிறதே.

ஜூலை 5, சனி

மத்தியானமே வேலை விட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் எழில் குரலைத் தடிப்பாக்கி, "இன்னாடி மொறைக்கிற?" என்று அம்மாவின் பிடரியைப் பிடிக்கிறாள். அது என் மகன் குரல். ராதிகா மொட்டைத் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குந்திவிட்டாள்.

"மூடாதம்மா. கையை அமுக்கு. திரும்பு." மறுபடி. மறுபடி.

பஸ்ஸில் எவனும் இல்லை.

வெற்றிவேல் முடியைப் பிடித்துத்தான் அடிப்பான். அது எனக்குத் தெரியும். மொட்டை எதற்கென்றுதான் தெரியவில்லை. வேண்டுதல் இல்லை. அவன் கைக்குப் பிடி கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். அவள் தேடிக்கொண்ட வித்தை அது. நான் கல்யாண போட்டோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

பச்சமுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான். நான்?

அடி விழ ஆரம்பித்ததும் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்துவேன். அக்கம்பக்கம் கேட்டால் மானம் போய்விடும் என்று. தாழ்ப்பாள் போட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். பதினெட்டு வருஷம். வழி தொறந்திருக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே, அடைச்சது யாரு? நாந்தானே. ஐயோ, நாந்தானே.

ஜூலை 20, ஞாயிறு

கறிக்குழம்பில் உப்பு ஜாஸ்தி. அது ஒரு காரணம்.

வெற்றிவேல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். தண்ணீர் கேட்கிற மாதிரி, "யம்மா, கதவச் சாத்து" என்றான்.

போனேன். இரண்டு கதவையும் முழுசாகத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி கல்லை அண்டக் கொடுத்தேன். திரும்பினால் பிடரியைப் பிடித்திருந்தான். ராதிகா அமுக்கினாள். அவன் பக்கமே போனாள், திரும்பினாள். அவன் கத்திக்கொண்டு விட்டான். மூன்று நொடிகூட இருக்காது, எழில் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள்.

துரத்தி வந்தவன் முன்னால் நான் நின்றேன். என் கொண்டையைப் பிடித்துத் தள்ளினான். எதையும் மறக்காதவள், விடுவிக்கிற வித்தையை மறந்துவிட்டேன். இடது கை எலும்பு முறிந்துவிட்டது. கட்டோடு எழுதுகிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

மகளிர் காவல் நிலையம். ராதிகாவால் நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. தேதி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் சொன்னேன். முதல் பொங்கலுக்கு மறுநாள், சுவரில் மோதினது. எழில் பெரியவளான மூன்றாம் நாள், பந்தலுக்குப் பின்னால். ஆடி பதினெட்டு, பல் போனது. ஒன்று விடாமல் சொன்னேன். எழுதின போலீஸ் பொண்ணு இரண்டு தடவை கையை உதறிக்கொண்டது.

"இவ்ளோ ஞாபகம் வெச்சிருக்கீங்களே ஆயா, அப்பல்லாம் நீங்க எங்க இருந்தீங்க?"

"கதவாண்ட" என்றேன். அதையும் எழுதிக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, சனி

வெற்றிவேல் ஜெயிலிலிருந்து ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான். நான் செத்தால் கொள்ளி வைக்க வரமாட்டானாம்.

பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் குழாயடியில் என்னைப் பார்த்துக் குடத்தைத் தள்ளி வைக்கிறாள். "பெத்த புள்ளயவே காட்டிக் குடுத்தவ." அவள் சொன்னதையும் மறக்க மாட்டேன்.

ராதிகாவும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. சோறு போடுகிறாள், கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். அவ்வளவுதான். மனசில் வைத்திருக்கிறாள். வைத்திருக்கட்டும், வைத்திருக்க வேண்டியதுதான்.

நவம்பர் 16, ஞாயிறு

கை மடங்குகிறது, முழுசாக நீட்ட வரவில்லை.

ராதிகா சங்கராபுரம் போய் வந்து பையைக் கவிழ்த்தாள். அரிசி, பருப்பு, எழிலுக்குப் பேனா. தனக்கென்று ஒரு சீப்பு.