லேமினேட் செய்த மருந்துச் சீட்டு

இன்று பாண்டி பஜார் ஜெராக்ஸ் கடையில் சூடான பிளாஸ்டிக் வாசனை. என் கையிலிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்து, லேமினேட் போட்டுவிடவா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். உன் ஞாபகத்தில் அங்கேயே கண் கலங்கிவிட்டது.

மின்சார பில்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் லேமினேட் செய்து வைப்பவள் நீ. ஜாக்கெட் துணிக் கடையில் பதினோரு வருஷம் ஒரே கவுன்டரில் நின்றோம். உன் அம்மா போனபின் உனக்குத் தூக்கமே வரவில்லை. இரண்டு வாரத்துக்கென்று டாக்டர் எழுதிய மாத்திரைச் சீட்டையும் லேமினேட் செய்தாய். கிழியாமல் இருக்கட்டும் என்றாய். எவ்வளவு பொறுப்பு என்று நானும் மெச்சிக்கொண்டேன், மண்டு.

ஒரு வருஷம் கழித்து மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில், மாத்திரை கொடுத்தாகிவிட்டது என்று சீட்டின் மேல் மருந்துக் கடை குத்திய முத்திரையை நீ முந்தானையால் துடைத்ததைப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் மை ஒட்டவில்லை. அடுத்த கடைக்கு அது புதுச் சீட்டு. கேட்டதும் நீ மழுப்பவில்லை.

“இது இல்லாங்காட்டி கை நடுங்கிக்கினே கீதுடி. துணி அளக்க முடியல.”

டாக்டரிடம் இழுத்துப் போனேன். ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். மாத்திரை அட்டை என் கைப்பைக்கு வந்தது. அவர் சொன்ன கணக்கில் முழுசு அரையானது, அரை காலானது. எத்தனை நாள் என்னைத் திட்டியிருப்பாய்.

“நான் இன்னா திருடியா? குடுடி கையில.”

கொடுக்கவில்லை. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து உன் பக்கத்திலேயே நின்றேன்.

கடைசிக் கால் மாத்திரையும் நின்ற மாதம், வேலை முடிந்து ஏறிய ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாய். நாம் இறங்க வேண்டிய சைதாப்பேட்டை வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. தாம்பரம் வரை போய்த் திரும்பினோம். வீட்டில் இருவருக்கும் செம திட்டு. அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

போன ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டாய். இப்போது எனக்குத்தான் தூக்கம் இல்லை. அதே மாத்திரை, பத்தே நாளைக்கு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். மருந்துக் கடையில் முத்திரை குத்தினார்கள். வெளியே வந்து முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். மை காகிதத்தில் ஊறியிருந்தது, போகவில்லை. சீட்டை, கைப்பையில் உன் மாத்திரை இருந்த அதே ஜிப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

பத்து நாளுக்குப் பிறகும் தூக்கம் வராவிட்டால் டாக்டரிடமே போய்ச் சொல்வேன். அன்று சாயங்காலம் தாம்பரம் ரயிலிலும் ஏறி உட்காருவேன். சாய்ந்துகொள்ளத்தான் நீ இல்லை.