உம் கொட்டியதன் காரணம்

தோஹா,
ஞாயிறு

அன்புள்ள கலாவதிக்கு,

நீயும் தீபிகாவும் நலமா? உன் முழங்கால் தறிக்குழியில் உட்கார விடுகிறதா? நான் இப்போது நலம். அது ஏன் ‘இப்போது’ என்று சொல்லத்தான், ஊருக்கு வரும் விமல்ராஜிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆறு மாதமாக வலது கன்னத்தில் கரண்ட் அடிப்பது போல ஒரு வலி. சோறு மென்றால் வரும், பேசினால் வரும். பல்வலி என்று நினைத்து இரண்டு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. தீபிகாவை ஏனாத்தூர் காலேஜில் சேர்த்துவிட்டதாக நீ சொன்ன அன்றும் அதனால்தான் வெறும் ‘உம்’. “கேக்காம சேர்த்துட்டேன்னு கோவம்னா வாயத் தொறந்து திட்டுயா, சும்மா உம் கொட்டிக்கினு இருக்காத” என்று அழுதாயே. வாய் திறக்க முடிந்திருந்தால் திட்டு வந்திருக்காது, கலா.

கோளாறு பல்லில் இல்லையாம், முகத்து நரம்பில். மாத்திரை போதவில்லை. போன வாரம் கன்னத்தின் வழியாக ஊசி விட்டு, திரையில் பார்த்துக்கொண்டே அந்த நரம்பைச் சூடு வைத்து அடக்கினார்கள். சாயங்காலமே ரூமுக்கு வந்துவிட்டேன். கன்னம் மட்டும் மரத்துக் கிடக்கிறது. நேற்று சவரம் செய்துவிட்டு, சோப்பு நுரையோடு டூட்டிக்குப் போய்விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வலிக்கவில்லை.

ஏசி காற்றுக்குக் கன்னத்தில் சுற்றிக்கொள்ள உன் பழைய நூல் புடவை ஒன்றை விமல்ராஜிடம் கொடுத்துவிடு. துவைக்க நேரமில்லை என்றால் அப்படியே கொடு.

வேன் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போன் செய்கிறேன். நீ செய்தது சரி என்பதில் தொடங்கி, ஆறு மாதப் பேச்சு பாக்கி இருக்கிறது. அன்றைக்கு நீ உம் மட்டும் கொட்டு.

உன்
அப்பாதுரை