ஐந்து பாட்டு, இருநூறு ரூபாய்

ஜூன் 9, திங்கள்
பள்ளிக்கூடம் திறந்த வாரம். நான் வேலை பார்க்கும் பொன்னமராவதி ஜெராக்ஸ் கடையில் நிற்க இடமில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் நான் பாடிப் பதிந்த ஐந்து பாட்டையும் இணையத்தில் விற்பனைக்கு ஏற்றினேன். விலைக் கட்டத்தில் 200 என்று அடித்தேன். அழித்தேன். 100. அதையும் அழித்தேன். கடைசியில் ‘விருப்பம்போல் கொடுங்கள்’ என்பதை அமுக்கிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 12
அறுபத்து நான்கு பேர் இறக்கியிருக்கிறார்கள். ஒருவர் பத்து ரூபாய் போட்டிருக்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். “ஓசியில குடுத்தா வாங்கத்தாண்டி செய்வாக” என்றாள்.

ஜூன் 13
புல்லட்டில் வந்த பெரிய மனிதர் ஒருவர் ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்தார். சுவரில் ‘பக்கம் 3 ரூபாய்’ என்று கடை முதலாளி உடையப்பன் அண்ணன் எழுதி வைத்திருக்கிறார். பேசாமல் மூன்று ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். அவரிடம் ‘விருப்பம்போல் கொடுங்க’ என்றால் என்ன கொடுத்திருப்பார்?

நான் வைத்தது பெருந்தன்மையா? இல்லை. பயம். விலையைச் சொல்லப் பயம்.

ஜூன் 15, ஞாயிறு
ஐந்துக்கும் சேர்த்து 200 வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் பக்கத்து ரைஸ் மில் ஓடினால் மைக்கில் அதுதான் கேட்கும். அதனால் மாதம் ஒருமுறை பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில்தான் பாட முடியும். மில் ஓடாது, எனக்கும் கடை லீவு. லேப்டாப் பேட்டரி இரண்டு மணி நேரம் நிற்கும். அதற்குள் முடிக்கணும். வேர்வை கண்ணில் இறங்கும், ஃபேனும் கிடையாது. இப்படி ஒன்பது மாதம், ஐந்து பாட்டு.

இருநூறு அதிகமா? யாராவது சொல்லட்டும், பார்ப்போம்.

ஜூன் 18
சொல்லிவிட்டார்கள். பெரியப்பா மகன் கண்ணன் அண்ணன், சிங்கப்பூரிலிருந்து போன். “என்னாத்தா, எங்கிட்டயே எரநூறா? வாட்சப்ல அனுப்பி விடு.”

ஐந்தையும் அனுப்பிவிட்டேன். ச்சே.

ஜூன் 19
அண்ணன் அதைச் சொந்தக்காரங்க குரூப்பில் போட்டுவிட்டார். ‘நம்ம வீட்டுப் பொண்ணு பாடுனது.’ நூற்று எண்பது பேர். எத்தனை பூ, எத்தனை கைதட்டல்! ஒருத்தர்கூட வாங்கலை. சித்தப்பா எழுதுகிறார்: ‘யூடியூப்ல சும்மா போட்டா பேரு வரும்ல. எதுக்கும்மா இந்த யாவாரம்?’

பேரா? எந்தக் கடையில பேரை வாங்கிக்கிட்டு அரிசி குடுக்குறாக?

ஜூன் 22, ஞாயிறு
கண்ணன் அண்ணனுக்கு நானே போன் போட்டேன்.

“அண்ணே, ஒங்க மக காதுகுத்துக்கு எங்கப்பா எவ்வளவு செஞ்சாக?”

“ஐயாயிரம். மொய் நோட்டுல இருக்கே. ஏன்?”

“சொந்தக்காரன்தானேன்னு கொறச்சா செஞ்சாக? தூரத்து ஆளுக எரநூறு, ஐநூறு எழுதுனாக. கூடப்பொறந்தவர் மகனுக்குன்னுதானே அப்பா ஐயாயிரம் செஞ்சாக? என் பாட்டுக்கு மட்டும் சொந்தம்னா ஓசியா?”

“அடியாத்தி! ஒனக்கு இவ்வளவு பேச்சு வருமா?”

“குரூப்ல லிங்க் போடுங்கண்ணே. வெலையோட போடுங்க.”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

ஜூன் 23
லிங்க் போட்டார். கீழே சித்தப்பா: ‘பாட்டுக்காரிக்கு ரேட்டு ஏறிப்போச்சு.’ எல்லோரும் சிரிப்புப் பொம்மை. விற்பனை இல்லை.

“நூறாத்தான் வையேன்டி” என்றாள் அம்மா.

மாட்டேன்.

ஜூன் 27
விற்பனை இல்லை. விலை இருநூறுதான்.

ஜூலை 2
ஒன்று விற்றது! ஜோஸ் என்று யாரோ ஒருவர், ஆவூர்ப் பக்கம். முன்பின் தெரியாது. கூடவே எழுதியிருக்கிறார்: ‘மூணாவது பாட்டு, பஸ்ஸில் மூணு தடவை.’

ஜூலை 20, ஞாயிறு
இதுவரை பதினொன்று. குரூப்பிலிருந்து இரண்டே பேர்.

மத்தியானம் கண்ணன் அண்ணன் போன். அவர் கம்பெனி ஆட்கள் விழா வீடியோ ஒன்று செய்கிறார்களாம். மூன்றாவது பாட்டை அதில் போடணுமாம்.

“அதுக்கு எவ்வளவுத்தா?”

எட்டாயிரம் என்றேன்.

போனில் சத்தமே இல்லை. போன மாதமாக இருந்தால் அந்த இடைவெளியில் நானே பாதியாக்கியிருப்பேன். இன்றைக்குப் பேசாமல் இருந்தேன்.

கடைசியில் அவர்தான் பேசினார்.

“ஜிபே நம்பர் இதேதானத்தா?”