கடவுச்சொல் கேட்ட மேலாளர்

மார்ச் 4
தேய்ந்த பிரேக்கின் படம் ஒன்று பத்திரிகையில் வந்துவிட்டது. எங்கள் அரசுப் பேருந்துப் பணிமனையின் பிரேக்தான். நான்தான் அங்கே மெக்கானிக். ஆனால் படம் எடுத்தது நான் இல்லை. எடுத்தவர் கைக்கு மோதிரம் போடலாம். மேலாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"எல்லாரும் ஃபோனைத் திறந்து காட்டணும்! அடுத்தவங்க படிக்க முடியாத மறையாக்கச் செயலி வச்சிருக்கிறவங்க முதல்ல வாங்க. மறைக்க ஒண்ணும் இல்லாதவங்களுக்கு அது எதுக்கு?"

எதுக்கா? அவருடைய மச்சினனும் நானும் ஆறு மாதமாகக் கொஞ்சிக்கொள்வதற்கு! அதிலும் பாதி மேலாளரைப் பற்றிய கிண்டல்: நடை, தொப்பை, அந்தத் தும்மல்! படித்தாரென்றால் என் வேலை காலி, கல்யாணமும் காலி.

மார்ச் 5
கழிப்பறைக்குள் ஓடிப் பதற்றத்தில் ஃபோனின் கடவுச்சொல்லை மாற்றினேன். வெளியே வந்து, "தர மாட்டேன் சார். அது என் அந்தரங்கம்" என்றேன். நானா பேசினேன்? ஃபோனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டு, என்னைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார். பதினைந்து நாளில் கடவுச்சொல் தராவிட்டால் வேலை போய்விடுமாம்.

மார்ச் 6
ஐயய்யோ. நான் என்ன கடவுச்சொல் வைத்தேன்?

மார்ச் 9
எனக்காக வழக்குப் போட ஒப்புக்கொண்ட வழக்கறிஞர் அக்காவிடம் கடவுச்சொல் மறந்துபோனதைச் சொல்லிவிட்டேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

"அடிப் பாவி! சரி, அதையும் மனுவுலயே எழுதிடுவோம். உன்னால திறக்க முடியுமாங்கிறது இல்ல கேள்வி. அந்தரங்கம் அரசியலமைப்பு தர்ற உரிமை. 'திற'ன்னு சொல்ல அவருக்கு என்ன அதிகாரம்? அதுதான் கேள்வி."

மார்ச் 18
ஜெயித்துவிட்டோம்! ஜெயித்தே விட்டோம்!

அவர்கள் தரப்பு வக்கீல், "தப்பு செய்யாதவர் ஏன் பூட்ட வேண்டும்?" என்று முழங்கினார். நீதிபதி நிமிர்ந்து, "உங்க ஃபோனுக்குப் பூட்டு இருக்கா?" என்றார். "இருக்குங்க ஐயா." "அப்போ நீங்க என்ன தப்பு செஞ்சீங்க?"

சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். குடிமக்கள் தம் பேச்சைப் பூட்டி வைப்பது குற்றத்துக்குச் சான்று ஆகாது, ஃபோனைத் திருப்பிக் கொடு, வேலையில் சேர்த்துக்கொள் என்று தீர்ப்பு. படியில் இறங்கியபோது கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை.

மார்ச் 20
எல்லாவற்றையும் அழித்தால்தான் ஃபோன் திறக்கும் என்று கடையில் சொன்னார்கள். அழித்தேன். ஆறு மாதக் கொஞ்சல் போயே போச்சு; தன் ஃபோனில் இருந்ததை அவன் அத்தானுக்குப் பயந்து அன்றைக்கே அழித்துவிட்டிருந்தான். அழுகை வந்துவிட்டது.

அவனிடம் சொன்னேன். "போனா போகட்டும். நேர்லயே சொல்லிட்டா போச்சு" என்று பேருந்து நிறுத்தத்திலேயே ஆரம்பித்துவிட்டான், பைத்தியக்காரன். கல்யாணத் தேதி வரைக்கும் போய்விட்டான். நானும் சரி என்றுவிட்டேன்!

ஏப்ரல் 2
இருவருமாக மேலாளர் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அவன் அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். மேலாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். என்னையும் மச்சினனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்த ஃபோன்ல… என்னைப் பத்தி ஏதாச்சும் இருந்துச்சாம்மா?" என்றார்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"அதைச் சொல்ல மாட்டேன் அண்ணே" என்றேன். சார் என்றுதான் சொல்ல நினைத்தேன், வாய் முந்திக்கொண்டது.

அவர் தொப்பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "சரிம்மா, கேக்கல" என்றார்.